மூலமும் படியும்

கண்டி மாநகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவழி, மாத்தளை நகரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், பெரும் பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் ஓர் இடத்தை அடைகின்றது. அலுவிகாரை என்பது அதன் பெயர். கி. மு. முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பெற்றது. அச்செயல் நிகழ்ந்தது இப்பாறைக் குகைகளிலேயே என்பது நெடுங்கால மரபு.

வாய்மொழியாக நூற்றாண்டுகள் பல நின்ற ஒன்றை எழுத்துக்கு மாற்றவேண்டிய தேவை யாது? நாட்டிலே போரும் பஞ்சமும் மலிந்திருந்தன. ஓதுவோர் மாண்டால் ஓதப்படுவதும் மாளும் என்னும் அச்சம் எழுந்தது. அப்பஞ்ச காலத்தைப் பற்றி உரைநூல்களிலே சுவையான செய்தி ஒன்று உண்டு. மகாநித்தேசம் என்னும் நூலை முழுதும் நெஞ்சிற் கொண்டிருந்தவர் அப்போது ஒரே ஒரு பிக்கு. அவரோ ஒழுக்கத்திற் குறைந்தவர் எனப் பெயரெடுத்தவர். அத்தகையவரிடம் போய்ப் பாடங் கேட்பதா என்று மற்றையோர் தயங்கினர். அவர் மறைந்தால் நூலும் மறையும் என்று வற்புறுத்தப்பட்ட பின்னரே மூத்த தேரர் ஒருவர் அவரிடம் சென்று அந்நூலைக் கற்றுக்கொண்டாராம். ஒரு நூல் முழுவதும் ஒரே ஒரு மனிதனின் மூச்சிலே தொங்கிக்கொண்டு நின்ற நிலை அது.

இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்நிலை அகன்றபாடில்லை. இன்று அது வீட்டுக்கு வீடு மேசைமேல் இருக்கின்றது. மடிக்கணனியினுள்ளே ஒரு சேமிப்புத் தட்டு. அதிலே குடும்பத்தின் படங்கள், பத்திரங்கள், பிள்ளைகளின் படிப்பு. வேறெங்கும் அவற்றிற்குப் படி இல்லை. தட்டோ முதுமையடைந்து தளர்கின்றது. அதனைக் கழற்றிப் புதியதொன்றைப் பொருத்தவேண்டும். பொருத்துமுன் உள்ளிருப்பதை ஓரெழுத்தும் குறையாமல் புதியதற்குப் பெயர்க்கவேண்டும். இவ்வேலையை எங்ஙனம் செய்வது என்பதே இப்பேச்சின் பொருள்.

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த மாணவி ஒருத்தியை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். அவளிடம் இருப்பது பிறர் பாவித்துக் கழித்த மடிக்கணனி. காலையில் அதனை எழுப்பினால், தேநீர் ஊற்றிக் குடித்து முடிக்கும் மட்டும் அது கண் விழிப்பதில்லை. அதனுள் அவளுடைய ஆய்வுக் கட்டுரை பாதி எழுதிய நிலையில் கிடக்கின்றது. அதனினும் அரியவை வேறு இரண்டு உண்டு. லயத்து அறையின் தகரப்பெட்டியிற் கிடந்த பாட்டனாரின் பிறப்புப் பதிவு, குடியுரிமைக் கடிதங்கள், தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றின் படங்கள் ஒன்று. பாட்டி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் பதிந்த ஒலிப்பதிவுகள் மற்றொன்று. பத்திரங்களின் மூலத்திற் பாதியைக் கறையான் அரித்துவிட்டது. பாட்டியும் இப்போது இல்லை.

மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தாள்களின் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும், ஒரு துண்டுத் தாள் இருப்பதையும் இல்லாததையும் கொண்டு மனிதரின் நாட்டையே தீர்மானித்தன. 2003ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கியது உண்மையே. எனினும் அத்தாள்களைக் காத்து வைக்கும் பழக்கம் அக்குடும்பங்களை விட்டு நீங்கவில்லை; நீங்கவேண்டியதும் இல்லை.

இனி அந்தத் தட்டின் இயல்பைச் சிறிது நோக்குவோம். கடைத்தெருவில் ஹார்ட் டிஸ்க் என்று வழங்கும் வன்தட்டு, காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகளால் ஆனது. மடிக்கணனிகளிலுள்ள தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதன்மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் ஒரு முனை மிதந்து சென்று எழுதும், படிக்கும். வேண்டிய இடம் சுழன்று முனையின் கீழ் வந்து சேரும்வரை அது காத்திருத்தல் வேண்டும். கணக்கிட்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிசெக்கன். சராசரிக் காத்திருப்பு அதிற் பாதி. முனை ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்குப் பெயரும் நேரத்தையும் இதனுடன் கூட்டினால், ஒரு செக்கனில் நூறு இடங்களைக்கூட அதனால் எட்டிப் பார்க்க முடியாது. கணனி கண் விழிக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளைத் தேடுகின்றது. மாணவியின் தேநீர் ஆறிப்போவது இதனாலேதான்.

எஸ். எஸ். டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பில் சுழல்வது ஒன்றும் இல்லை. மின்னேற்றத்தைச் சிறைப்பிடித்து வைக்கும் நுண்ணறைகள் கோடானுகோடி அதனுள் உள்ளன. இதற்கு அடிப்படையான ஃபிளாஷ் நினைவகத்தை 1980களில் உருவாக்கியவர், தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய ஜப்பானியப் பொறியியலாளர் ஃபுஜியோ மசுவோகா. ஒரு சுவடியின் கட்டவிழ்த்து ஏடு ஏடாகப் புரட்டித் தேடுவதற்கும், எல்லா ஏடுகளையும் திண்ணையிலே பரப்பி வைத்து நினைத்ததை எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இவ்விரண்டிற்கும் உண்டு.

அளவின் வளர்ச்சியும் வியப்புக்குரியது. உலகின் முதல் வன்தட்டை ஐ. பி. எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டது. இரண்டு அடி விட்டமுள்ள ஐம்பது தகடுகளும், ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அப்பெருங் கருவி ஐம்பது இலட்சம் எழுத்துகளையே தாங்கிற்று. இன்று கண்டிக் கடைகளில் விலைக்குக் கிடைக்கும், விரல் நீளமே உள்ள ஒரு தெராபைட் சேமிப்பு, அதனைப்போல் இரண்டு இலட்சம் மடங்கு கொள்கின்றது. கொள்ளளவு பெருகப் பெருக, ஒரே அடியில் இழக்கக்கூடியதும் பெருகிற்று.

புதியதை வாங்குமுன் கணனியின் வயிற்றிலே எவ்வகைப் பொருத்துமிடம் உள்ளது என்று பார்த்தல் வேண்டும். பழைய கணனிகளில் இரண்டரை அங்குலத் தட்டுக்கான ‘சாட்டா’ இணைப்பு இருக்கும். பிற்பட்டவற்றில் 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமும் உள்ள பட்டையைச் செருகும் ‘எம். 2’ இடம் இருக்கும். இந்த எம். 2 பட்டைகளிலும் இரு சாதி உண்டு: சாட்டா மொழி பேசுவது ஒன்று, என். வி. எம். இ. மொழி பேசுவது மற்றொன்று. தோற்றத்தில் உடன்பிறந்தவைபோல் இருந்தும், ஒன்றின் இடத்தில் மற்றது இயங்காமற் போகக்கூடும். சில மெல்லிய கணனிகளிலோ சேமிப்பு பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். அவற்றை மாற்ற முயல்வது வீண். கணனியின் மாதிரி எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வோர் ஏமாறுவதில்லை.

மாணவியின் கணனி சாட்டா வகையினது. 500 கிகாபைட் கொண்ட பழைய தட்டில் ஏறத்தாழ 300 நிரம்பியிருக்கின்றது. அவள் வாங்கியது ஒரு தெராபைட் அளவுள்ள எஸ். எஸ். டி.யும், அதனைக் கணனியின் யு. எஸ். பி. துளையில் வெளியிலிருந்தே இணைக்க ஒரு சிறு வடமும். அத்துளை நீலநிற நாவுடையதாயின் விரைவு மிகுதி. அங்ஙனமாயின், பழைய தட்டு செக்கனுக்கு 100 மெகாபைட் வீதம் தந்தால், 300 கிகாபைட்டும் ஒரு மணி நேரத்துக்குள் பெயர்ந்துவிடும். பழைய யு. எஸ். பி. 2 துளையானால் இரண்டரை மணி நேரம்வரை செல்லும். பெட்டியில் ஒரு தெராபைட் என்றிருக்கக் கணனி 931 என்று காட்டுவது கண்டு கடைக்காரரோடு சண்டையிட வேண்டா. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றார். கணனி 1,024 வீதம் எண்ணுகின்றது.

பெயர்ப்பதற்கு இரு வழிகள் உள்ளன. முழுத் தட்டையும் உள்ளபடியே பிரதி செய்வது ஒன்று, ‘குளோனிங்’ என்பர். குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கு உள்ளன. புதிய தட்டில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, வேண்டிய கோப்புகளை மட்டும் எடுத்து வைப்பது மற்றொன்று. முன்னது ஏட்டைப் பார்த்து அவ்வாறே எழுதும் எழுத்தனின் வேலை. மூலத்திலே பிழை இருந்தால் படியிலும் அது வந்து அமரும். வைரசு இருந்தால் அதுவும் குடிபெயரும். பின்னது பதிப்பாசிரியனின் வேலை. நன்மை மிகுதி, உழைப்பும் மிகுதி. வேண்டாதது என்று விட்டுவிட்டதைப் பின்னர் தேடி அலையும் துயரமும் உண்டு. ஆய்வுக் கட்டுரையை நடுவில் வைத்திருப்பவளுக்கு முன்னதே தக்கது. ஓய்வும் ஒழுங்கும் உள்ளவர்கள் பின்னதை நாடலாம்.

எவ்வழியாயினும் முதலிற் செய்யவேண்டியது வேறொன்று. ஈடுசெய்ய முடியாதவற்றை, அதாவது கட்டுரையையும், பத்திரப் படங்களையும், பாட்டியின் குரலையும், தனியாக மூன்றாவது ஓரிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பழைய தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஓசை கேட்குமாயின் இது இன்னும் அவசரம். தளர்ந்த தட்டைத் தலைமுதல் அடிவரை ஓயாமற் படிக்கச் செய்வது, நோயாளியை மலையேறச் சொல்வதற்கு ஒப்பாகும். பாதி வழியில் அது நின்றுவிடக்கூடும். அரியவை அதற்குமுன் வெளியேறியிருக்க வேண்டும்.

விண்டோஸ் கணனிகள் பலவற்றில், உடையவர் அறியாமலே தட்டு பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. பிட்லாக்கர் என்னும் அப்பூட்டின் மீட்புத் திறவுகோல் 48 இலக்கங்கள் கொண்டது. அதனைத் தாளில் எழுதி வைக்காமல் வேலையைத் தொடங்குவோர், பின்னர் தம் வீட்டு வாயிலிலேயே அந்நியராய் நிற்க நேரிடும்.

படியெடுக்கும் மென்பொருள் இரண்டு வினாக்களை எழுப்பும். மூலம் எது? படி எது? இவ்விரண்டையும் மாற்றிச் சொன்னால், வெறுமையான புதிய தட்டு நிறைந்த பழைய தட்டின்மேல் எழுதப்பெறும். வெறுமை மிக ஒழுங்காகப் பிரதி செய்யப்படும். ஒரு விரல் அழுத்தத்தில் எல்லாம் தீர்ந்துபோகும் இடம் இஃதொன்றே. அலுவலகங்களிலும் வீடுகளிலும் இத்தவற்றைச் செய்து தலையிற் கைவைத்து அமர்ந்தவர்கள் அனுபவம் நிறைந்தோராயும் இருந்திருக்கின்றனர். அனுபவம் அவசரத்தைத் தருகின்றது போலும். திரையிலே தோன்றும் தட்டின் பெயரையும் அளவையும் உரக்கப் படித்துப் பார்த்தல் நலம். 500 மூலம், 1,000 படி. அளவு வேறுபட்டிருப்பது இங்கே பெருந்துணை.

வேலை நடக்கும்போது மின்சாரம் நிற்குமோ என்ற கவலையும் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் கண்டி மலைகளில் பிற்பகலானால் இடி முழங்கும். மடிக்கணனிக்கு மின்கலம் உண்டாகையால் சிறு தடை பொறுக்கும். எனினும் காலை வேளையே இதற்கு உகந்தது.

பெயர்ப்பு முடிந்ததும் தட்டை மாற்றிப் பொருத்துவது சிறு வேலை. மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, கையை ஒரு உலோகத்திலே தொட்டு நிலைமின்னை நீக்கி, நுண்ணிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டால் போதும். கணனி சில செக்கன்களிலே விழித்துக்கொள்ளும். அந்த மகிழ்ச்சியே ஆபத்தானது. வேலை முடிந்துவிட்டது என்று எண்ணச் செய்கின்றது.

நம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதியதும் மூலத்தையும் படியையும் ஒப்புநோக்கினர். ஒருவர் படிக்க, மற்றொருவர் ஏட்டில் விரல் வைத்துப் பார்த்து வருவது வழக்கம். அவ்வழக்கம் தவறிய இடங்களும் உண்டு. தமிழ்நாட்டிலே ஆடிப்பெருக்கு நாளில் பழுதுற்ற ஏடுகளை ஆற்றில் விடும் மரபு இருந்தது. பழையதைப் பெயர்த்தெழுதிய பின்னரே விடவேண்டும் என்பதே அதன் கருத்தாக இருந்திருத்தல் கூடும். காலப்போக்கிலே எழுதுவது நின்றது. ஆற்றில் விடுவது மட்டும் நிற்கவில்லை. அவ்வாறு நீரோடு போன நூல்கள் எத்தனையோ! யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதும், உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்ததும், ஆற்றுக்கும் கறையானுக்கும் தப்பியவற்றைக் காக்கும் பொருட்டே அன்றோ?

கணனியில் ஒப்புநோக்குதல் எளிது. ஆயினும் செய்வோர் சிலரே. இரு தட்டுகளிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக உள்ளனவா என்று பார்ப்பது முதற்படி. அரிய கோப்புகளுக்கு இன்னும் நுண்ணிய சோதனை உண்டு. ‘எஸ். எச். ஏ. 256’ என்னும் கணக்கு ஒரு கோப்பு முழுவதையும் படித்து, 64 குறிகள் கொண்ட ஒரு கோவையைத் தரும். மூலத்திலே ஒரு புள்ளி மாறினாலும் கோவை முற்றிலும் வேறாகிவிடும். இரு கோவைகளும் ஒத்தால் இரு கோப்புகளும் ஒன்றே எனக் கொள்ளலாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது: மூலமே முன்னரே கெட்டிருந்தால், கெட்டது கெட்டபடியே ஒத்திருக்கும். ஆகவே திறந்து பார்ப்பதும் வேண்டும்.

படி ஓரிடத்தில் மட்டும் இருந்தாற் போதுமா? இதற்கும் கண்டியே விடை தரும். அலுவிகாரையின் நூலகம் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படைகளால் அழிந்தது. திரிபிடகம் அழியவில்லை, அதன் படிகள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கடல் கடந்து பரவியிருந்தன. 1753ஆம் ஆண்டில், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஆட்சியில், அற்றுப்போயிருந்த உபசம்பதையை மீண்டும் நிறுவச் சீயத்திலிருந்து பிக்குகள் கண்டிக்கு வந்தனர். நூல்களும் அந்நாட்டிலிருந்து வந்தன. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1767இல், அவர்களை அனுப்பிய அயோத்தியா நகரமே பர்மியப் படையால் தீக்கிரையாயிற்று. கொடுத்த இடம் எரிந்தது, கொண்ட இடம் நின்றது.

இதே மலைநாட்டில் 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘தித்வா’ புயல் கொணர்ந்த மழையால் சரிந்த மண், வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயிற்று. ஒரே அலுமாரியின் மேற்தட்டிலும் கீழ்த்தட்டிலும் வைத்த இரு படிகள் அத்தகைய நாளில் ஒரு படியாகவே எண்ணப்படும். வேறு வீட்டில், வேறு ஊரில் ஒன்று இருத்தல் வேண்டும். இணையவழிச் சேமிப்பும் அவ்வகையில் உதவும். கடவுச்சொல்லை வீட்டில் ஒருவர் மட்டும் அறிந்திருந்தால், அது மகாநித்தேசத்தின் கதையாகவே முடியும்.

பழைய தட்டை எறிந்துவிடுவதோ, புதியதன் விலையிற் கழித்துக்கொள்ளுமாறு கடையிற் கொடுப்பதோ கூடாது. எஸ். எஸ். டி. அன்றாட வேலைக்குச் சிறந்தது. மின்னூட்டமின்றி நெடுநாள் பெட்டியில் வைத்துப் பேணுவதற்கு உகந்ததன்று. அறைகளிற் சிறைப்பட்ட மின்னேற்றம் காலப்போக்கிற் கசியும். தேய்ந்த எஸ். எஸ். டி.யில், வெப்பமான இடத்தில், அது விரைந்தும் கசியும். வேலை செய்யும் நிலையிலுள்ள பழைய வன்தட்டு, ஈரம் படாமல் வைத்தால், காப்புப் படியாக இன்னும் சில காலம் உழைக்கும். அதனைப் பிறர்க்குக் கொடுக்க நேர்ந்தால், கோப்புகளை அழித்தோம் என்று அமைதல் போதாது. அழிப்பது பொருளடக்கத்தைக் கிழிப்பது மட்டுமே. ஏடுகள் அப்படியே கிடக்கும். தட்டு முழுவதன் மேலும் ஒரு முறை வேறெதையேனும் எழுதிவிடுதல் வேண்டும். எஸ். எஸ். டி.க்கு அம்முறை முற்றும் பயன்படாது. அதற்கெனவே அமைந்த அழிப்புக் கட்டளையைப் பாவித்தல் வேண்டும்.

பேராதனைப் பூங்காவிலே தாளிப்பனைகள் நிற்கின்றன. சிங்கள மக்களின் ஏடுகள் அம்மரத்தின் குருத்தோலைகளால் ஆனவை. குருத்தை வெட்டி, நரம்பு நீக்கி, நீரில் வேகவைத்து, வெயிலிலும் பனியிலும் உலர்த்தி, கமுகமரத்து உருளையில் இழுத்து இழுத்து வழவழப்பாக்கி, அதன்பின்னரே எழுத்தாணியைத் தொடுவார்கள். எழுதியபின் கரியும் எண்ணெயும் பூசித் துடைக்க, எழுத்து கறுத்துத் தெரியும். ஒரு மரம் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்து மாண்டுபோகும். இத்தனை பாடுபட்டு எழுதிய ஏடுகளில் ஒன்றான மகாவம்சச் சுவடி, பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பல்கலைக்கழக நூலகத்திலே இருக்கின்றது. 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துக்கொண்டது.

அந்நூலகத்தின் மேசையொன்றிலே, மாணவி காதில் ஒலிவாங்கும் கருவியை மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கின்றாள். கோப்புகளின் எண்ணிக்கை ஒத்தது, கோவைகளும் ஒத்தன. கட்டுரையின் முதற்பக்கத்தையும் நடுப்பக்கத்தையும் இறுதிப் பக்கத்தையும் புதிய தட்டிலிருந்து திறந்து பார்த்தாயிற்று. பத்திரப் படங்களைப் பெருக்கிப் பார்த்துப் பாட்டனாரின் கைநாட்டையும் கண்டாயிற்று. எஞ்சியிருப்பது தாலாட்டு. முன்பகுதியை மட்டும் கேட்டு நிறுத்திவிடலாம், அவள் நிறுத்தவில்லை. மூன்றாம் அடியிலே பாட்டிக்கு இருமல் வரும், பின்னால் அடுப்படியில் ஒரு பாத்திரம் உருளும், பாட்டி சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அவையெல்லாம் அதனதன் இடத்தில் வந்தன.

பழைய தட்டைத் துணியிற் சுற்றி, தேதி எழுதிய சீட்டொன்றை ஒட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அது சனிக்கிழமை மாத்தளை பஸ்ஸில் சித்தி வீட்டுக்குப் போகின்றது.